யூரெயில் பாஸ் வாங்கலாமா? பெஸ்தாரி ஜெயாவிலிருந்து போய்வந்த கதை

ஒரு மாதத்துக்குள் ஏதாவது ஐந்து நாட்களை நாமே தேர்ந்தெடுத்துக்கொண்டு, அந்த நாட்களில் எத்தனை ரயில் வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் செல்லுகிற, நான் வாங்கிய யூரெயில் குளோபல் பாஸ் இந்த வகைதான். இரண்டாம் வகுப்பு, நான் வாங்கியபோது விலை 318 யூரோ. 2025 செப்டம்பரில் நம் காசுக்கு ஆயிரத்து அறுநூறு வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. திரும்பி வந்ததிலிருந்து ஊரில் ஆளாளுக்கு அதைப் பற்றிக் கேட்கிறார்கள். போன வாரம் ஒட்டுக்கடையில் பசியாறிக்கொண்டிருந்தபோது ஓர் அண்ணன் வந்து எதிரில் உட்கார்ந்தார். மகள் நெதர்லாந்துக்குப் படிக்கப் போகிறாளாம், "இந்தப் பாஸ வாங்கிக் குடுத்துடலாமா தங்கச்சி, காசு வீணாப் போயிடாதே?" என்று முக்கால் மணி நேரம் கேட்டார். அவருக்குச் சொன்னதையும், அப்போது சொல்ல மறந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

பாஸ் நல்லதா இல்லையா என்பது நீங்கள் எதற்காகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது, அதனால் நான் போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் மலேசியாவில், சிலாங்கூரில் இருக்கிற பெஸ்தாரி ஜெயா. பெரியவர்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை, பாமாயில் எடுக்கிற மரம். இங்கே சிறுதோட்டக்காரர்கள் குழு ஒன்றுக்குத் தகவல் தொடர்பு வேலை பார்க்கிறேன். ஆலையிலிருந்து வரும் கடிதம், அரசாங்க அறிவிப்பு, ஐரோப்பாவில் போடுகிற சட்டம் எல்லாவற்றையும் ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வைத்திருப்பவர்களுக்குப் புரிகிற தமிழில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புவேன், சந்தேகம் கேட்டால் வீட்டுக்கே போய் விளக்குவேன். என் அப்பாவும் அந்த ஐந்து ஏக்கர்க்காரர்களில் ஒருவர்.

ஐரோப்பாவுக்கும் எங்கள் ஊருக்கும் நூறு வருடத்துக்கு மேலான உறவு இருக்கிறது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் எங்கள் பக்கத்துத் தென்னமாரம் தோட்டத்தில்தான் போடப்பட்டது. போட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர், பிறகு எழுத்தாளராகி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசும் வாங்கியவர். அவருக்கு முன்னாலேயே சுமத்ராவில் செம்பனையைத் தோட்டப் பயிராக்கியவர் அட்ரியன் ஹாலெட் என்ற பெல்ஜியக்காரர். அன்றைக்கு அங்கிருந்து வந்தவர்கள் மரம் நட்டார்கள், எங்கள் தாத்தா பாட்டிகள் குழி தோண்டினார்கள், கித்தா (ரப்பர்) வெட்டினார்கள், குலை அறுத்தார்கள். இன்றைக்கு அங்கிருந்து சட்டம் வருகிறது.

அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் என் பயணமே அதைச் சுற்றித்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடுப்புச் சட்டம், 2023 ஜூனில் சட்டமானது, அமலாகும் தேதிதான் தள்ளிக்கொண்டே போகிறது. செம்பனை, ரப்பர், கோகோ, காப்பி, சோயா, மரம், மாடு என்று ஏழு பொருள்கள். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடு அழிக்கப்பட்ட நிலத்தில் விளைந்தது என்றால் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விற்க முடியாது. அதை நிரூபிக்க, விளைந்த நிலம் எங்கே இருக்கிறது என்று அட்சரேகை தீர்க்கரேகையோடு காட்ட வேண்டும், தசமப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் வரை. ஆறாவது இலக்கம் தரையில் சுமார் பதினொரு சென்டிமீட்டர், அதாவது அரைச் சாண். நான்கு ஹெக்டருக்கு மேற்பட்ட நிலம் என்றால் எல்லையையே வரைந்து கொடுக்க வேண்டும். அதற்குக் கீழே ஒரு புள்ளி போதும். நான்கு ஹெக்டர் என்பது ஏறத்தாழ பத்து ஏக்கர், ஆக அப்பாவுக்கு ஒரு புள்ளிதான். அந்தப் புள்ளியைப் போட நானும் அவரும் தோட்டத்தின் நடுவில் நின்று, மட்டைகளுக்கு இடையில் வானம் தெரிகிற இடமாகத் தேடி, கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்த அந்தப் பிற்பகலை நான் மறக்க மாட்டேன். "இத யாரும்மா பார்க்கப் போறா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னைக் கிளப்பிவிட்டது. சேர்த்து வைத்த காசு கொஞ்சம், குழு கொடுத்தது கொஞ்சம், அதை வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஜெனீவாவில் உலக வர்த்தக அமைப்பு ஒவ்வொரு வருடமும் நடத்துகிற பொது மன்றம் 2025இல் செப்டம்பர் 17, 18 தேதிகளில் இருந்தது. இணையத்தில் முன்கூட்டியே பதிந்துகொண்டால் கட்டணம் கிடையாது. அதை முடித்துக்கொண்டு ஸ்ட்ராஸ்பூர்க், பிரஸ்ஸல்ஸ், ரோட்டர்டாம், நேரம் இருந்தால் ஜெர்மனியில் இருக்கிற பான் என்று திட்டம். பிரஸ்ஸல்ஸில் யார் எப்போது என்னைச் சந்திக்க நேரம் கொடுப்பார்கள் என்பது கடைசி நிமிடம் வரை தெரியாது. தேதி போட்ட டிக்கெட்டாக வாங்கியிருந்தால் ஒவ்வொன்றாக வீணாகியிருக்கும். பாஸை வாங்கியது அதனால்தான்.

வாங்குவது எளிது. இணையத்தில் காசு கட்டியதும் ஓர் எண் வருகிறது, 'ரெயில் பிளானர்' செயலியில் அதைச் சேர்த்தால் பாஸ் கைப்பேசிக்குள் வந்துவிடும். வாங்கிய பதினொரு மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கிக்கொள்ளலாம். பயணம் செய்கிற அன்று, ஏறப்போகிற ரயிலைச் செயலியில் தேடிச் சேர்த்து அந்த நாளைத் திறந்துவிட்டால் கியூஆர் குறியீடு வரும், பரிசோதகர் அதைத்தான் பார்ப்பார். கடப்பிதழையும் கையில் வைத்திருங்கள், என்னிடம் இரண்டு தடவை கேட்டார்கள். ஒரு நாள் என்பது நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. இரவு ரயிலில் நள்ளிரவுக்கு முன் ஏறி மறுநாள் காலை அதே ரயிலிலிருந்து இறங்கினால் ஏறிய நாள் மட்டும்தான் கணக்கு. கால அட்டவணையை இணையம் இல்லாமலேயே செயலியில் பார்க்கலாம், ஆனால் மூன்று நாளுக்கு ஒருமுறையாவது அதை இணையத்தோடு இணைக்க வேண்டும். இன்றைக்கு எந்த ரயில் தாமதம், எந்த மேடை மாறியிருக்கிறது என்பதற்கு அந்தந்த நாட்டு ரயில்வேயின் செயலியையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்துச் செயலி அருமை, எந்தப் பெட்டி மேடையில் எந்த இடத்தில் வந்து நிற்கும் என்பதுவரை காட்டுகிறது.

இனி பயணம். 16ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை சூரிக் விமான நிலையத்தில் இறங்கினேன். நிலையத்துக்கு அடியிலேயே ரயில். பெட்டியை இழுத்துக்கொண்டு கீழே போனேன், அடுத்து வந்த ரயிலில் ஏறினேன், காலியாக இருந்த ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தேன். இருக்கை எண் கிடையாது. நம் ஊர் இ.டி.எஸ். ரயிலில் எண் போட்ட டிக்கெட்டோடு ஏறிப் பழகியவளுக்கு, யாராவது வந்து எழுப்பிவிடுவார்களோ என்ற பதற்றம் ஒரு மணி நேரம் இருந்தது. யாரும் வரவில்லை.

பாஸின் அருமை முதலில் தெரிந்தது பெர்னில். ஜெனீவா போகிற வழியில்தான் பெர்ன். அங்கே மதங்களின் இல்லம் என்று ஒரு கட்டடம் 2014 டிசம்பரில் திறந்தார்கள், பள்ளிவாசல், தேவாலயம், பௌத்த மையம், அலெவி என்ற சமயப் பிரிவினரின் வழிபாட்டு இடம், நம் கோயில் எல்லாம் ஒரே கூரையின் கீழ். இறங்கிவிட்டேன். பெட்டியைப் பெர்ன் நிலையத்துப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, எஸ்-பான் என்ற புறநகர் ரயிலில் ஐரோப்பாபிளாட்ஸ் என்ற நிறுத்தம், அதற்கும் இதே பாஸ் செல்லும். நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் இருக்கிற இடம், வெளியிலிருந்து பார்த்தால் அலுவலகக் கட்டடம் மாதிரி. உள்ளே ஞானலிங்கேச்சுரர் கோயில், ஈழத் தமிழர்கள் நடத்துவது, அருச்சனை தமிழிலேயே நடக்கிறது. பதினான்கு மணி நேரத்துக்கு மேல் பறந்து களைத்துப் போய், பல் விளக்காத வாயோடு (மன்னியுங்கள், உண்மை அதுதான்) அந்தக் கருங்கல் சிலைகளின் முன்னால் நின்றபோது, தேவாரத்தின் ஒரு வரி காதில் விழுந்தது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மார்கழி மாதம் ஒலிபெருக்கியில் கேட்ட அதே பண். கண் கலங்கிவிட்டது. கீழே சைவச் சாப்பாடு கிடைக்கிறது, சோறு, பருப்பு, கறி. சாப்பிட்டுவிட்டு அடுத்த ரயிலில் ஏறினேன். தேதியும் நேரமும் போட்ட மலிவு டிக்கெட்டாக இருந்தால் இப்படி இறங்கி ஏறியிருக்க முடியாது.

பெர்னிலிருந்து லோசான் போகிற பாதையில் இடது கைப் பக்கம் உட்காருங்கள். ஒரு சுரங்கம் முடிந்ததும் சட்டென்று லெமான் ஏரி முழுதாகத் திறக்கிறது, கரைச் சரிவெல்லாம் கல் அணை கட்டிப் படிப்படியாகத் திராட்சை. லாவோ என்று பெயர், யுனெஸ்கோ 2007இல் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தோட்டத்தில் பிறந்தவர்கள் நிரை பிடித்து நட்ட செடிகளைப் பார்த்தால் ஆள் கணக்குப் போடாமல் இருக்க மாட்டோம். இந்தச் சரிவில் எப்படி அறுப்பார்கள், எப்படி இறக்குவார்கள் என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஜெனீவாவில் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். நகரத்து டிராம், பேருந்து, மெட்ரோ எதிலும் இந்தப் பாஸ் செல்லாது, எந்த ஊரிலும் இதே கதைதான். ஆனால் ஜெனீவாவில் ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு நகரப் போக்குவரத்துக்கு இலவச அட்டை தருகிறார்கள். நான் அதிலேயே ஓட்டிவிட்டேன்.

மன்றம் நடந்த கட்டடம் ஏரிக்கரையில், 1920களில் உலகத் தொழிலாளர் அமைப்புக்காகக் கட்டியது. உலக வர்த்தக அமைப்புக்கும் செம்பனைக்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. உயிரி எரிபொருளில் செம்பனை எண்ணெயை ஐரோப்பிய ஒன்றியம் படிப்படியாக விலக்கியதை எதிர்த்து மலேசியா இங்கேதான் வழக்குப் போட்டது. 2024 மார்ச் 5இல் தீர்ப்பாயத்தின் அறிக்கை வந்தது. சுற்றுச்சூழலுக்காக விதி போட ஐரோப்பாவுக்கு உரிமை உண்டு, ஆனால் விதியை வகுத்து நடத்திய முறையில் பாரபட்சம் இருந்தது என்பது அதன் சாரம். இரண்டு தரப்பும் தங்களுக்கு வெற்றி என்று அறிக்கை விட்டன. ஊரில் நான் அதைத் தமிழில் எழுதியபோது, "அப்ப நாம ஜெயிச்சோமா தோத்தோமா?" என்று கேட்டவர்களுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாமல் திண்டாடினேன்.

சிறு விவசாயிகளைப் பற்றிய அமர்வுகளாகத் தேடித் தேடி உட்கார்ந்தேன். மேடையில் பேசியதைவிடச் சாப்பாட்டு வரிசையில் கிடைத்தது அதிகம். எனக்கு முன்னால் நின்றவர் கானாவிலிருந்து வந்த அம்மா, கோகோ விவசாயிகளோடு வேலை பார்ப்பவர். நான் செம்பனை என்றதும் கைப்பேசியை எடுத்து ஒரு வரைபடத்தைக் காட்டினார். பச்சை நிறத்தில் கட்டம் கட்டமாகக் கோகோத் தோட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி. நானும் என்னுடையதைத் திறந்து காட்டினேன். அப்பாவின் புள்ளியும் அவர்களுடைய புள்ளிகளும் ஒரே மாதிரி இருந்தன. இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து, எல்லைத் தகராறு உள்ள நிலத்தை எப்படிப் பதிகிறீர்கள், பட்டாவில் செத்துப்போன தாத்தா பெயர் இருந்தால் என்ன செய்கிறீர்கள் என்று ஒரு மணி நேரம் பேசினோம்.

18ஆம் தேதி மாலையே ஸ்ட்ராஸ்பூர்க் போய்விடலாம் என்று இருந்தேன். அன்றைக்குத்தான் பிரான்ஸ் முழுக்கத் தொழிற்சங்கங்கள் சேர்ந்து வேலைநிறுத்தம். பத்து நாள் முன்னால் பிரதமர் பைரூவின் அரசாங்கம் நம்பிக்கை வாக்கெடுப்பில் கவிழ்ந்து, லெகோர்னு புதுப் பிரதமராகியிருந்தார். செலவுக் குறைப்புத் திட்டங்களுக்கு எதிராகத் தெருவில் இறங்கியிருந்தார்கள். வட்டார ரயில்கள் குறைவாக ஓடும் என்று முன்பே செய்தி வந்துவிட்டது. நான் செய்தது ஒன்றுதான், பயணத்தை மறுநாளுக்கு மாற்றினேன். செயலியில் நாளைத் திறக்காததால் எதுவும் வீணாகவில்லை, யாருக்கும் மின்னஞ்சல் போட வேண்டியதில்லை. 19ஆம் தேதி ஜெனீவாவிலிருந்து பாசெல், பாசெல் நிலையத்துக்குள்ளேயே ஒரு நடைபாதை வழியாகப் பிரெஞ்சுப் பகுதிக்குப் போய் அங்கிருந்து வட்டார ரயிலில் ஸ்ட்ராஸ்பூர்க்.

இங்கேதான் பாஸின் முக்கியமான குறையைச் சொல்ல வேண்டும். பிரான்சின் அதிவேக ரயிலான டிஜிவி, லண்டனுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் போகிற யூரோஸ்டார், இரவு ரயில்கள் இவற்றில் எல்லாம் பாஸ் மட்டும் போதாது, இருக்கை முன்பதிவுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். யூரோஸ்டாரில் அது முப்பது யூரோவையும் தாண்டும், அதோடு பாஸ் வைத்திருப்பவர்களுக்கென்று ஒதுக்கிய இடம் குறைவு, தீர்ந்துவிட்டால் தீர்ந்ததுதான். பாஸை வாங்கிவிட்டோம், இனிச் செலவே இல்லை என்று நினைத்துக்கொண்டு பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி என்று அதிவேக ரயிலாகவே திட்டம் போடுகிறவர்கள் அங்கே போய்த்தான் வருத்தப்படுவார்கள். சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியா, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் இந்த நாடுகளின் உள்நாட்டுப் பகல் ரயில்களில் பெரும்பாலும் முன்பதிவு கட்டாயம் இல்லை. பாஸின் முழுப் பலன் கிடைப்பது இங்கேதான்.

அதனால் ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்கு நான் அதிவேக ரயிலைத் தொடவில்லை. 21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மெட்ஸ் வழியாக லக்சம்பர்க், லக்சம்பர்க்கிலிருந்து ஆர்லோன், நாமூர் வழியாகப் பிரஸ்ஸல்ஸ். கிட்டத்தட்டப் பகல் முழுக்கப் போனது. முன்பதிவுக் காசு ஒரு சென்ட்கூட இல்லை. லக்சம்பர்க்கில் இறங்கி இரண்டு மணி நேரம் சுற்றினேன், அந்த நாட்டுக்குள் பேருந்து, டிராம், இரண்டாம் வகுப்பு ரயில் எல்லாமே 2020 பிப்ரவரி 29இலிருந்து எல்லாருக்கும் இலவசம். டிராமில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பினேன். நம் ஊரில் ரவாங் போகிற பேருந்துக்கு வெயிலில் நிற்கிற பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன்.

பிரஸ்ஸல்ஸில் இறங்கிய பிறகுதான் ரயிலில் வந்தது எவ்வளவு நல்லது என்று புரிந்தது. 19ஆம் தேதி இரவு ஒரு மென்பொருள் நிறுவனத்தின் மீது நடந்த சைபர் தாக்குதலால் பிரஸ்ஸல்ஸ், ஹீத்ரோ, பெர்லின் விமான நிலையங்களில் பயணிகளைப் பதிவு செய்கிற கருவிகள் நின்றுவிட்டன. 22ஆம் தேதி திங்கட்கிழமை பிரஸ்ஸல்ஸிலிருந்து புறப்பட வேண்டிய விமானங்களில் ஏறக்குறைய பாதி ரத்து. ஜெனீவா மன்றத்தில் பழக்கமான ஒருவர் விமான நிலையத்திலிருந்து படம் அனுப்பினார், கையால் பெயர் எழுதிய சீட்டுகள், நீண்ட வரிசை. நான் அப்போது பிரஸ்ஸல்ஸ் நகரத்துக்குள்ளேயே இருக்கிற லக்சம்பர்க் சதுக்கத்தில் நடந்துகொண்டிருந்தேன்.

அந்தச் சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே ஐரோப்பிய நாடாளுமன்றம். பார்லமெண்டேரியம் என்ற காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை, காதில் மாட்டிக்கொள்கிற விளக்கக் கருவி ஒன்றியத்தின் 24 ஆட்சிமொழிகளிலும் பேசுகிறது. அவைக்குள் போய்ப் பார்த்தால் மேலே சுற்றிலும் கண்ணாடி அறைகள், மொழிபெயர்ப்பாளர்கள் உட்காருகிற இடம். ஒவ்வொரு அறைக்கும் ஒரு மொழி. மால்ட்டா மொழி பேசுகிறவர்கள் சுமார் ஐந்து லட்சம் பேர், அதற்கும் ஓர் அறை உண்டு. இதைப் பார்த்துக்கொண்டு நான் வெகுநேரம் நின்றேன். சட்டம் 24 மொழியில் வெளியாகிறது, அதன் பலன் போய்ச் சேருகிற இடத்தில் அதைத் தமிழில் படிக்க வேண்டுமானால் நாங்கள் நாலு பேர் இரவில் உட்கார்ந்து எழுத வேண்டும்.

23ஆம் தேதி காலை பானுக்குக் கிளம்ப வேண்டியது. ஐ.நா.வின் காலநிலை அலுவலகம் இருக்கிற ஊர், ஒரு சந்திப்புக்கு முயன்றுகொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் ஐரோப்பிய ஆணையத்தின் சுற்றுச்சூழல் ஆணையர் ஜெசிகா ரோஸ்வால், காடழிப்புச் சட்டத்தை இன்னும் ஒரு வருடம் தள்ளிவைக்க நினைக்கிறோம் என்று சொன்னார். காரணம், எல்லாரும் தகவலை ஏற்றப்போகிற கணினி அமைப்பு அந்தப் பாரத்தைத் தாங்காது என்ற பயம். அதே நாளில் பாலியில் இந்தோனேசியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் வர்த்தக ஒப்பந்தப் பேச்சை முடித்துக்கொண்டதாக அறிவித்தன. கைப்பேசி துடிக்க ஆரம்பித்தது. ஊரில் அப்போது மாலை, குலை ஏற்றிவிட்டு எல்லாரும் வீட்டில் இருக்கிற நேரம். "தள்ளிப் போட்டாச்சாமே, இனி மேப் வேலைய நிறுத்திடலாமாம்மா?" என்று முதல் குரல் பதிவு. அடுத்தது, "நான் அப்பவே சொன்னேன்ல."

பானுக்குப் போகவில்லை. ரயிலை ரத்து செய்யக்கூட வேண்டியதில்லை, ஏறவில்லை, அவ்வளவுதான். ஆனால் தங்கிய விடுதியில் ஓர் இரவு நீட்டிக்கக் கேட்டபோது முந்தின இரவின் வாடகையைவிட அதிகமாகக் கேட்டார்கள், பேசிப் பார்த்தும் இறங்கவில்லை, கட்டினேன். பெயர் வேண்டாம். அந்த நாள் முழுக்கச் சதுக்கத்து ஓரத்தில் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்து, இது ஆணையத்தின் எண்ணம் மட்டும்தான், நாடாளுமன்றமும் உறுப்பு நாடுகளும் சேர்ந்து முடிவெடுத்தால்தான் சட்டம், யாரும் பதிவு வேலையை நிறுத்த வேண்டாம் என்று தமிழில் எழுதினேன். இரண்டு பேரிடம் நேரில் போய்க் கேட்டுச் சரிபார்த்து, இரவு எட்டு மணிக்குக் குரலாகவும் பதிந்து அனுப்பினேன். நான் இந்த வேலைக்கு வந்து எழுதியதிலேயே உருப்படியான தகவல் அதுதான் என்று நினைக்கிறேன். பிறகு 2025 டிசம்பரில் திருத்தம் நிறைவேறி, பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30, சிறியவற்றுக்கு 2027 ஜூன் 30 என்று தேதி மாறியது. எங்களுக்கு ஆறு இலக்கப் புள்ளி மாறவில்லை.

24ஆம் தேதி ரோட்டர்டாம். சாதாரண இன்டர்சிட்டி, முன்பதிவு இல்லை. ஐரோப்பாவின் ஆகப் பெரிய துறைமுகம், ஒன்றியத்துக்குள் வருகிற செம்பனை எண்ணெயில் பெரும் பங்கு நெதர்லாந்து வழியாகத்தான் வருகிறது. படகில் ஏறித் துறைமுகத்தைச் சுற்றிப் பார்த்தேன். வெள்ளைத் தொட்டிகள் வரிசை வரிசையாக, மழை தூறிக்கொண்டே இருந்தது. அப்பாவுக்குக் காணொளி அழைப்புப் போட்டுக் கைப்பேசியைத் தொட்டிகள் பக்கம் திருப்பினேன். "அதுக்குள்ள நம்மளுதும் இருக்குமா?" என்றார். இருக்கலாம்ப்பா என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார், அப்புறம் "குடை எடுத்துட்டுப் போனியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

சரி, காசுக் கணக்கு. சூரிக்கிலிருந்து ஜெனீவாவுக்கு நிலையத்தில் போய் வாங்குகிற முழு விலை டிக்கெட் தொண்ணூறு பிராங்க் அளவில், ஜெனீவாவிலிருந்து பாசெல் எண்பது அளவில். இந்த இரண்டு நாளிலேயே பாஸ் விலையில் பாதிக்கு மேல் வந்துவிட்டது. மற்ற பயணங்களையும் கூட்டினால் ஏறக்குறைய சரிக்குச் சரி. ஆக, காசு மிச்சம் என்று நான் சொல்ல மாட்டேன். தேதி உறுதியாக இருந்து, இரண்டு மாதம் முன்னாலேயே வாங்க முடிந்தால் தனித்தனி மலிவு டிக்கெட்டுகள் இதைவிடக் குறைவாகவே வரும். பெல்ஜியம், லக்சம்பர்க், நெதர்லாந்து மட்டும் சுற்றப்போகிறவர்கள் இந்தப் பாஸை வாங்கவே வேண்டாம், அங்கே சாதாரண டிக்கெட்டே மலிவு. சுவிட்சர்லாந்து உங்கள் வழியில் இருந்தால், நாளைக்கு எங்கே இருப்போம் என்று உறுதியாகத் தெரியாத பயணம் என்றால், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ரோட்டர்டாமிலிருந்து ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்துக்குப் போன கடைசிப் பயணத்துக்கு நான் தனி டிக்கெட்தான் எடுத்தேன். குறைந்த தூரத்துக்கு ஒரு பாஸ் நாளைத் திறக்காதீர்கள்.

நான் வாங்கியபோது நான்கு நாள் பாஸ் 283 யூரோ. பானுக்குப் போகாததால் எனக்கு ஒரு நாள் மிஞ்சிப்போனது, அதாவது 35 யூரோ. அந்த ஒரு நாள் கையில் இருந்ததால்தான் மற்ற நாட்களை இப்படி அப்படி நகர்த்த முடிந்தது, அதனால் அதை நான் நட்டமாக எண்ணவில்லை.

அந்த அண்ணனின் மகளுக்கு ஒரு முக்கிய விஷயம். யூரெயில் ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு. அவள் அங்கே போய்த் தங்கிப் படிக்க ஆரம்பித்ததும் இன்டர்ரெயில்தான் வாங்க வேண்டும். இரண்டும் செல்லுகிற நாடுகள் அதே 33, ஆனால் இன்டர்ரெயிலில் தான் வசிக்கிற நாட்டுக்குள் பயணம் செய்ய வரம்பு உண்டு. 27 வயது வரை இளைஞர் கட்டணம் இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுக்க மறக்க வேண்டாம். இங்கிருந்து சுற்றிப்பார்க்க மட்டும் போகிறவர்களுக்கு இன்னொன்று: மலேசியக் கடப்பிதழுக்கு ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரை விசா வேண்டாம், ஆனால் 2025 அக்டோபர் 12இலிருந்து எல்லையில் கைரேகையும் முகப்படமும் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். விமானத்திலிருந்து இறங்கி உடனே ரயில் பிடிப்பதாக இருந்தால் கூடுதலாக ஒரு மணி நேரம் விட்டு வையுங்கள். தேதியோடு முன்பதிவு செய்த ரயில் என்றால் அந்த ஒரு மணி நேரம் உங்களைப் பதற வைக்கும், பாஸ் என்றால் அடுத்த ரயிலில் ஏறிக்கொள்ளலாம்.

அறுபது வயது நிரம்பியவர்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. அப்பாவுக்கு வருகிற தைக்கு அறுபது முடிகிறது. கடப்பிதழ் எடுக்க அவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அந்தத் தொட்டிகளை அவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.